கன்று போட்ட கார்டு

“‘அன்புள்ள தங்கைக்கு, இங்கு அனைவரும் நலம்’” என்று ஆரம்பித்துவிட்டேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியாது.

கலியம்மாள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். கையில் கரண்டி. என் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து என் காதில் மாட்டிவிட்டதும் அவள்தான்.

“அக்காவா எழுதிருக்குது?”

“ஆமா. நெல்லிக்குப்பத்துலேர்ந்து.”

“இன்னா எழுதிருக்குது?”

“‘மழை பரவாயில்லை. கரும்பு வெட்டு ஆரம்பிச்சாச்சு. மாடு கன்னு போட்டிருக்கு.’”

“மாடா? அதுங்ககிட்ட ஏது மாடு?”

“வாங்கியிருக்காங்க.”

“எழுதிருக்குதா?”

கார்டைக் கொஞ்சம் திருப்பினேன். “இதோ, ஓரத்துல. ‘புதுசா ஒரு மாடு வாங்கியிருக்கோம்.’”

“இன்னா கன்னு?”

“அது எழுதலை.”

“நல்லாப் பாருங்க. எங்கக்கா எழுதாம இருக்காது.”

பார்த்தேன். “கிடேரி.”

“நெறம்?”

“செவலை. நெத்தியில மட்டும் வெள்ளை.”

கலியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அக்காள் வீட்டு மாடு கன்று போட்டதற்கு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நான் நினைக்கவில்லை.

“இத்தனூண்டு கார்டுல எவ்வளவு எழுதிருக்குது பாருங்க” என்றாள். கார்டை என் கையிலிருந்து வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள்.

எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. ஒரு எழுத்துகூட.

எண்கள் தெரியும். டோக்கன் நம்பர், கன்வேயர் நம்பர், பிளாக் நம்பர், குவார்ட்டர்ஸ் நம்பர். சுரங்கத்தில் இவை போதும். எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது எனக்கு வேலை கிடைத்தது. வேலை பெர்மனென்ட் ஆனதும் பெண் பார்க்கப் போனோம். புறப்படும்போது சித்தப்பா தன் பேனாவை என் சட்டைப் பையில் செருகிவிட்டார்.

“மாப்பிள்ளை எதுவரைக்கும் படிச்சிருக்காரு?” என்று கேட்டார் பெண்ணின் அப்பா, பேனாவைப் பார்த்து.

“எட்டாவது” என்றார் சித்தப்பா.

பேனாவில் மை இல்லை. சித்தப்பா பேச்சிலும் ஒன்றும் இல்லை. ஆனால் கலியம்மாள் என்னை ஒப்புக்கொண்டதே அந்தப் பேனாவுக்காகத்தான். கல்யாணமான முதல் வாரமே சொல்லிவிட்டாள். “எங்க வூட்டுல ஒரு கார்டு வந்தா தபால்காரரைக் கெஞ்சணும். அவரு தெருவே கேக்கறமாதிரி படிப்பாரு. படிச்ச ஆளாக் கட்டிக்கினா நம்ம சங்கதி நம்ம வூட்டோட இருக்கும்னு நெனச்சேன்.”

அன்றைக்கு மாட்டிய பேனாவை நான் கழற்றவில்லை. ஆறு வருஷம். போதாததற்கு ஒரு கண்ணாடியும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதில் எல்லாம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். எனக்குத் தெரியாததும் பெரிதாகத் தெரியும்.

கார்டு வந்தால் சமாளிக்க ஒரு வழி வைத்திருந்தேன். “ஷிப்டுக்கு நேரமாச்சு, நாளைக்குப் படிக்கிறேன்” என்று பையில் போட்டுக்கொண்டு போவேன். கான்டீனில் வேணுவிடம் கொடுப்பேன். வேணு என்னோடு கன்வேயரில் வேலை பார்க்கிறவன். இரண்டு தடவை படிப்பான். மூன்றாம் தடவை நான் ஒப்பிப்பேன். மறுநாள் வீட்டில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நடுவில் ஓர் இருமல் இருமி, மடமடவென்று படித்துவிடுவேன். அன்று வார ஓய்வு நாள். ஷிப்டு இல்லை, சாக்கும் இல்லை. அதனால்தான் மாடு கன்று போட வேண்டியதாயிற்று.

அந்தக் கார்டில் உண்மையில் என்ன இருந்தது? யாராவது செத்துக்கித்துப் போயிருந்தால்? இரண்டு நாள் அரிசி டின்னைச் சுற்றி வந்தேன். ஒருமுறை கையை முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினேன்.

“இன்னா தேடறீங்க?”

“அரிசியில வண்டு இருக்கான்னு பார்த்தேன்.”

“இருந்துது. எடுத்து வேற எடத்துல வச்சிட்டேன்” என்றாள்.

வாரம் ஒன்று போயிற்று. யாரும் சாகவில்லை. நானும் கார்டை மறந்தேன்.

கனவுகள் அதன் பிறகுதான் ஆரம்பித்தன.

முதல் கனவு வந்தபோது எனக்கு முதல் ஷிப்டு. இரண்டேகால் மணிக்கு வீடு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். கலியம்மாள் சொம்போடு நின்றபடி சொன்னாள்: “மத்தியானம் செத்த கண்ணசந்தேன். கனவுல அக்கா வந்துது. பெரிய பொண்ணு வயசுக்கு வந்துட்டாளாம். வர்ற வெள்ளிக்கெழம தண்ணி ஊத்துறாங்களாம்.”

“கனவுல கிழமை எல்லாமா வரும்?”

“வந்துது. இந்தாங்க, கார்டு ஒண்ணு வந்திருக்குது. களைச்சு வந்திருக்கீங்க, நாளைக்குப் படிச்சிக்கலாம்.”

மறுநாள் வேணு படித்தான். பெரிய பெண் வயதுக்கு வந்திருக்கிறாள். வரும் வெள்ளிக்கிழமை மஞ்சள் நீர். தங்கையும் மாப்பிள்ளையும் அவசியம் வரவேண்டியது.

“வேணு, இன்னொரு தடவ படி.”

படித்தான். வெள்ளிக்கிழமை மாறவில்லை. நிலக்கரித் தூசுக்கு அடியில் என் கைமயிர் நட்டுக்கொண்டது. நான் நடந்ததைச் சொன்னேன். வேணு வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

“அண்ணி கோயிலுக்குப் போவுதா?”

போகிறாள். ஐந்தாறு மாதமாகவே போகிறாள். மத்தியானம் இரண்டரைக்கு மேல் கிளம்புவாள், மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு. நாலரைக்கு வரும்போது நெற்றியில் மாரியம்மன் குங்குமம் இருக்கும். நான் ஷிப்டு விட்டு வந்து தூங்குகிற நேரம் அது. நாலு மணிக்குத் திறக்கிற கோயிலுக்கு இரண்டரைக்கே போய் என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதில்லை. வாசலில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். பக்தி என்றால் அப்படித்தானே.

“அப்ப அருள்தான்” என்றான் வேணு.

அடுத்தது தண்ணீர். எங்கள் பிளாக் முனைச் சுவரில் ஏதோ தாள் ஒட்டியிருந்தார்கள். போகும்போதும் வரும்போதும் நின்று அதைப் பார்த்தேன். படித்தவன் நின்று பார்க்க வேண்டும். அன்று மாலை கலியம்மாள் வீட்டில் இருக்கிற குடம், அண்டா, இட்லிப் பானை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தாள்.

“எதுக்கு இவ்வளவு?”

“மனசுல தோணிச்சு.”

மறுநாளிலிருந்து இரண்டு நாள் குழாயில் வெறும் காற்று.

நான் மாறிப்போனேன். அவளை ‘ஏய்’ என்று கூப்பிடுவதை விட்டேன். வெள்ளிக்கிழமைகளில் கவுச்சி வேண்டாம் என்றேன். ஒரு மத்தியானம் அவள் பாயில் கண்மூடிப் படுத்திருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. கால்மாட்டில் நின்று கைகூப்பினேன். அவள் தூங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பயம் மெதுவாக வந்தது. அக்காள் கனவில் வருகிறாள். குழாய் கனவில் வருகிறது. ஒருநாள் நானும் வருவேன். பேனாவோடு வருவேன், கான்டீனில் வேணு முன்னால் ஒப்பித்துக்கொண்டு. ஆறு வருஷத்து எட்டாவது அந்த ஒரு மத்தியானத்தில் போய்விடும். மகளுக்கு வேறு அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம். ‘அப்பா, இது என்ன எழுத்து?’ என்று அவள் கேட்கிற நாளும் தூரத்தில் இல்லை.

வழியையும் கலியம்மாளே காட்டினாள். கீரை ஆய்ந்துகொண்டே, யாரையோ சொல்கிறமாதிரி சொன்னாள்.

“லைப்ரரில வேலைக்குப் போற ஆம்பளைங்களுக்கு சாயந்திரம் எழுத்து சொல்லித் தர்றாங்களாம். காசு கெடையாதாம். ஆபீசர் வூட்டுப் பொம்பளைங்க, வாத்தியாருங்க, அவங்களா வந்து உக்காந்து சொல்லித் தர்றாங்களாம்.”

“நமக்கு எதுக்கு?”

“நமக்கு எதுக்குங்க, நீங்க எட்டாவது. வேணு அண்ணனுக்கு வேணும்னா சொல்லுங்க.”

மறுநாள் மாலை ஆறு மணிக்கு நான் லைப்ரரியில் நின்றேன். பத்திரிகை படிக்கிற கூடத்துக்குப் பின்னால் ஒரு நீள மேஜை. ஒருத்தருக்கு ஒருத்தர் என்று எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தவர் சந்திரகலா டீச்சர். டீச்சர் என்று நாங்கள் கூப்பிட்டோம். ஓர் இன்ஜினீயரின் மனைவி, மதுரைப் பக்கம்.

“உங்க பேரு?”

“வேணு.”

டீச்சர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையிலிருந்த பேனாவைப் பார்த்தார். பிறகு ரிஜிஸ்டரை மூடிவிட்டார்.

“சரி, வேணு. உட்காருங்க.”

நான் வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தேன். கலியம்மாள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மட்டும் என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“இன்னாங்க இது, வெரல்ல வெள்ளையா?”

“நிலக்கரி.”

“நிலக்கரி வெள்ளையாவா இருக்கும்?”

“இங்க கிடைக்கிறது பழுப்பு நிலக்கரிதானே. சில நாள் வெளுத்து வரும்.”

“ஓகோ” என்றாள். “சாக்பீசு மாதிரியே இருக்குது.” சோப்பை எடுத்துக் கொடுத்தாள்.

முப்பத்தாறு வயதில் எழுத்து ஏறுவது கஷ்டம். கை மரத்துப்போகும். கன்வேயர் பெல்ட்டை இழுத்துப் பிடித்த விரலுக்கு சாக்பீஸ் நிற்காது. ஒருவாரத்தில் ஒரு பெட்டியை உடைத்தேன். டீச்சர் உடைந்த துண்டை எடுத்துக் கொடுப்பார். “இதுலயும் எழுதலாம்” என்பார்.

இரண்டாவது மாதத்தில் ஒருநாள் மதியம், சுரங்கத்தில் நான் வழக்கமாக உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெல்ட் ஓரமாக ஒரு சிவப்புப் பலகை உண்டு. நல்ல நிழல் தரும். ஒன்பது வருஷமாக அதன் அடியில்தான் என் சாப்பாடு. சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்தேன். பலகையில் இருந்த கோடுகள் திடீரென்று அசைந்தன. அ. பா. ய. ம். கீழே இன்னொரு வரி. எழுத்துக் கூட்டினேன். இங்கு… நிற்… காதே.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். பிறகு, நிற்கக்கூடாது என்பதால் ஓடினேன்.

ஓடி நின்ற இடத்திலிருந்து பலகையைத் திரும்பிப் பார்த்தேன். பயத்தால் இல்லை. அந்தப் பலகை ஒன்பது வருஷமாக என்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று வீடு திரும்பும்போது சுவர்கள் பேசின. பஸ் பேசியது. தீப்பெட்டி பேசியது. மந்தாரக்குப்பத்தில் நான் எப்போதும் டீ குடிக்கிற கடைக்கு ஒரு பெயர் இருந்தது. நான் நடுரோட்டில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பின்னால் வந்த சைக்கிள்காரன் திட்டினான். அதையும் யாராவது எழுதிக் காட்டினால் படித்திருப்பேன்.

முதல் புத்தகம் முடிந்த அன்று டீச்சர் ஒரு போஸ்ட் கார்டை என் முன்னால் வைத்தார்.

“இங்க பரீட்சை இதுதான். உங்க வீட்டுக்கு நீங்களே ஒரு கார்டு எழுதணும். நாங்க பார்க்க மாட்டோம், திருத்த மாட்டோம். தபால்ல போயிரும். வீட்ல இருக்கிறவங்க அதைப் படிச்சுப் புரிஞ்சு, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நீங்க பாஸ். அப்பத்தான் ரெண்டாவது புத்தகம்.”

“டீச்சர், எங்க வீட்ல படிக்கத் தெரியாது.”

“அப்படியா?” என்றார். மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். “பரவாயில்லை. எழுதுங்க, ராஜாங்கம்.”

“டீச்சர், நான் வேணு…”

“வேணு வீட்டுக்குக் கார்டு போனா வேணு சம்சாரம் குழம்பிருவாங்க. உங்க பேரையே எழுதுங்க.”

சுரங்கத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

‘நலம், மழை பரவாயில்லை’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வாயால் பொய் சொல்வது சுலபம். எழுத்துக் கூட்டிப் பொய் எழுத நேரம் பிடிக்கிறது. உண்மை சின்னதாக இருந்தது. தவிர, பயம் எதற்கு? கலியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கார்டு வருகிற நாளில் நான் வீட்டில் இருந்தால் போதும். வாங்கி, கண்ணாடியை மாட்டி, நெல்லிக்குப்பம், கரும்பு, கன்றுக்குட்டி நன்றாகப் பால் குடிக்கிறது என்று படித்துவிடலாம். கையெழுத்தை வேணு போட்டுக்கொடுப்பான். அரை மணி நேரம் எழுதினேன். பெட்டியில் போட்டேன்.

அந்த வாரம் எனக்கு இரண்டாவது ஷிப்டு. காலை முழுவதும் வீட்டில் இருந்தேன். இரண்டு நாள் வாசலிலேயே நின்றேன். மூன்றாம் நாள் கால் வலித்தது. குளிக்கப் போன நேரத்தில் தபால்காரரின் மணி கேட்டது.

ஈரத்தோடு ஓடி வந்தேன். கலியம்மாள் கார்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா பார்க்கிறாள் என்று நினைத்தேன். கண் மட்டும் இடமிருந்து வலமாகப் போனது.

“கார்டுங்க” என்றாள். கண்ணாடியைக் கொண்டுவந்து என் காதில் மாட்டினாள். “படிங்க.”

“‘அன்புள்ள தங்கைக்கு…’” என்றேன்.

அதற்குமேல் வரவில்லை. கண்ணுக்கு எதிரே என் எழுத்து நின்றது. முன்பு கார்டு வெறும் அட்டை. அதைப் பார்த்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இப்போது நாக்கு கரும்புக்குப் போனால் கண் பிடித்து இழுத்தது. மாட்டுக்குப் போனால் மறித்தது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். அப்போதும் தெரிந்தது. படிக்கக் கற்றுக்கொண்டதில் இப்படி ஒரு சங்கடம் இருக்கிறது என்று டீச்சர் சொல்லவில்லை.

“க… லி… கலியம்… மாளுக்கு. நான் எட்… எட்டாவது இல்… லை. ஒன்றும் இல்லை. இப்… போதுதான் படித்தேன். மாடு இல்லை. கன்… றும் இல்லை. இப்படிக்கு, ரா… ஜாங்கம்.”

தலையிலிருந்து தண்ணீர் கார்டில் சொட்டியது.

“இன்னாங்க இது” என்றாள் கலியம்மாள். “முன்னெல்லாம் மெயில் ரயிலு மாதிரி நிக்காம போவீங்க. இன்னிக்கு எழுத்துக்கு எழுத்து நிக்குது?”

அவள் மாடத்திலிருந்த பஞ்சாங்கத்தைப் பிரித்து, உள்ளேயிருந்து ஒரு கார்டை எடுத்தாள். ஓரத்தில் இன்னும் அரிசி மாவு ஒட்டியிருந்தது.

“இதையும் படிச்சுடுங்க. ஆறு மாசமா காத்துகினு கெடக்குது.”

பெரிய பெரிய எழுத்து. பென்சிலில். முத்திரையில் எங்கள் ஊரான நெய்வேலி என்று இருந்தது. நெல்லிக்குப்பம் இல்லை.

“‘வீட்டுக்… காரருக்கு. இதை நானே எழுதினேன். லைப்… ரரியில் படிக்கிறேன். இனி நானும் உங்களைப் போல… உங்களைப் போலப் படிப்பேன். கீழே கையெழுத்துப் போடவும். கலியம்மாள்.’”

ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்தேன்.

“அப்ப கோயில்?”

“கிளாசு மூணு மணிலேர்ந்து நாலு. முடிச்சுட்டு கோயிலுக்கும் போவேன். பொய் சொல்லலை.”

“கனவு?”

“கார்டு வந்தா வர்ற கனவுதான்.”

“தண்ணி?”

“செவுத்துல எழுதி ஒட்டியிருந்தாங்க. நீங்கதான் மூணு தடவ நின்னு பாத்தீங்களே.”

“டீச்சர்கிட்ட என் பேரு…”

“நான்தான் குடுத்தேன். என் கார்டுக்குக் கையெழுத்து வேணும் இல்ல? போட ஆளை நானேதான் தயார் பண்ண வேண்டியிருந்துது. நீங்க போயி வேணுன்னு சொன்னீங்களாம். டீச்சரு இன்னும் சிரிச்சிகினு இருக்காங்க.”

நான் அவளைப் பார்த்தேன். அருள் என்று நினைத்தபோது இருந்த மலைப்பு போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. அம்மன் சொல்லிக் கொடுத்திருந்தால்கூட அது அம்மன் வேலை. இது முழுக்க இவள் வேலை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது.

“அன்னிக்கு நான் படிக்கும்போது வாயப் பொத்திக்கினியே. சிரிச்சியா, அழுதியா?”

கலியம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

“செவலைன்னு சொல்ற வரைக்கும் அழுகைதாங்க. நெத்தியில வெள்ளைன்னீங்களே, அப்ப சிரிப்பு வந்துடுச்சு.”

என் கார்டை வாங்கினாள். கம்மல் பெட்டியிலிருந்து ஒரு துண்டுப் பென்சிலை எடுத்தாள். சுவரில் வைத்து, அடியில் தன் பெயரை எழுதினாள். கை ஓரிடத்திலும் நிற்கவில்லை. “நீங்க பாசு” என்று கார்டைக் கொடுத்தாள். பென்சிலையும் கொடுத்தாள்.

அவள் கார்டில் நான் கையெழுத்துப் போட்டேன். நாலு எழுத்தைத் தாண்டுவதற்குள் உள்ளே உலை பொங்கிற்று. கலியம்மாள் அடுப்படிக்குப் போனாள். போகிறபோது நின்று திரும்பினாள்.

“ஆனா அந்தக் கன்னுக்குட்டியயும் இல்லைன்னு எழுதிட்டீங்களே” என்றாள். “அது இன்னாங்க பண்ணுச்சு, பாவம்.”

ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. சட்டையைப் போட்டேன். பையிலிருந்த பேனாவை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். அது இருந்த இடத்தில் துண்டுப் பென்சிலைச் செருகிக்கொண்டு, சோற்று டப்பாவை எடுத்தேன்.